ஜெய்சல்மேர் 4 நாள்: கோட்டை, ஒட்டகம் தவிர சுத்துவட்டாரத்துல என்ன பாக்கலாம்?

ஆவடி பையன்:
மக்களே, பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேத்துப் போட்டு ஜெய்சல்மேர் போறோம். நான், வைஃப், அப்பா, அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, படி நிறைய ஏற முடியாது. அப்பாவுக்கு எதப் பாத்தாலும் இது யார் கட்டுனது எப்ப கட்டுனதுன்னு கேக்கணும். ஜோத்பூர் வரைக்கும் டிக்கெட் போட்டாச்சு, அங்கிருந்து ரயிலா காரான்னு இன்னும் முடிவு பண்ணல. யூடியூப்ல பாத்தா எல்லாருமே கோட்டை, ஹவேலிங்கற பழைய மாளிகைங்க, அப்புறம் சம் மணல்மேட்டுல டென்ட், டான்ஸ், காலைல எழுந்து கிளம்பிடுறாங்க, ஒன்றரை நாள்ல ஊரே முடிஞ்சுடுது. மீதி ரெண்டரை நாள் என்ன பண்றது? கோட்டைக்குள்ளயே ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன், போட்டோல ஜன்னல்ல இருந்து மொத்த ஊரும் தெரியுது, அட்வான்ஸ் கட்டலாமா?

ரயில்பூச்சி:
ஜோத்பூர்ல இருந்து பகல் ரயில் கிடைச்சா அதுலயே போங்க, ராம்தேவ்ரா, போக்ரான் தாண்டி போகும். ஒரே ஒரு விஷயம், ஸ்லீப்பர்ல போட்றாதீங்க. ஜன்னல மூடுனாலும் மணல் வரும், இறங்கும்போது பல்லுக்கு நடுவுல கரகரன்னு இருக்கும். பெரியவங்க இருக்காங்க, ஏசி போட்ருங்க.

அம்பத்தூர் அக்கா:
தம்பி கோட்டை ரூம் தாராளமா கட்டுங்க. நாங்க ரெண்டு வருஷம் முன்னாடி தங்குனோம், வாழ்க்கைல மறக்க முடியாது. காலைல 6 மணிக்கு எந்திரிச்சா கோயில் மணி சத்தம், பக்கத்து வீட்டு பாட்டி வாசல் கூட்டுது, மாடு குறுக்க நிக்குது, நம்ம ஊர் அக்ரஹாரத்துல தங்குன மாதிரியே இருந்துச்சு. இந்த மாதிரி ஜனங்க குடியிருக்கற கோட்டைய அபூர்வமா தான் பாக்க முடியும். ஆட்டோ மேல சதுக்கம் வரைக்கும் ஏறிடும், அம்மாவுக்கு கஷ்டம் இல்ல.

கரிசல்காடு:
நான் அந்த ஊர்ல மூணு வருஷம் இருந்தவன். கரன்ட் எடுக்கற காத்தாடி வேலை. நம்ம முப்பந்தல், கயத்தாறு பக்கம் காத்தாடில வேலை பாத்த பாதி பேர் ஏதோ ஒரு காலத்துல ஜெய்சல்மேருக்கு போயிருப்பான், அப்படித்தான் நானும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ரூம் விஷயம். அக்கா கோச்சுக்காதீங்க. அந்த கோட்டை 1156ல ராவல் ஜெய்சல்ங்கற ராஜபுத்திர ராஜா ஆரம்பிச்சது, 99 கொத்தளம், உக்காந்திருக்கற திரிகூட மலை ஒண்ணும் நம்ம திருச்சி மலைக்கோட்டை மாதிரி கருங்கல்லு இல்ல. களிமண்ணு கலந்த லேசான பாறை. கட்டும்போது மழையே இல்லாத ஊரு, ஜனங்க கீழ இருந்து குடத்துல தண்ணி தூக்கிட்டு போய் சிக்கனமா செலவழிச்சாங்க, மலை காஞ்சே கிடந்துச்சு. இப்ப உள்ள குழாய் தண்ணி, ஹோட்டலுக்கு ஹோட்டல் ஷவர், ஃப்ளஷ். அந்த தண்ணி எல்லாம் கசிஞ்சு அடியில இறங்கி மலையே ஊறிப் போகுது. இதனால கொத்தளங்க சரிஞ்சிருக்கு, 1996ல இருந்தே உலக அளவுல ஆபத்துல இருக்கற சின்னங்க பட்டியல்ல வந்துச்சு. 2013ல யுனெஸ்கோ ராஜஸ்தான் மலைக்கோட்டைங்க ஆறுல ஒண்ணா சேத்தாங்க, ஆனா பட்டியல்ல சேத்தா கசிவு நிக்குமா? 2024 ஆகஸ்ட் மழைல கூட சுவர் ஒரு பக்கம் இடிஞ்சு ரோட்டுல விழுந்துச்சு. கீழ தங்குங்க, மேல போய் நாள் பூரா சுத்துங்க. கோட்டைக்குள்ள இருந்தா கோட்டை தெரியாது, கீழ ஒரு மொட்டமாடில உக்காந்து சாயங்காலம் 6 மணிக்கு டீ குடிச்சுகிட்டே பாருங்க, அந்த மஞ்சக்கல்லு தேன் கலருக்கு வரும்.

அம்பத்தூர் அக்கா:
நீங்க சொல்றது நியாயம் தான், ஆனா அங்க ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்காங்க, அவங்களும் தான் குளிக்கிறாங்க. நாங்க தங்குன வீட்டுக்காரங்களுக்கு அந்த மூணு ரூம் தான் பொழப்பு. டூரிஸ்ட் யாரும் தங்காதீங்கன்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? சாக்கடைய ஒழுங்கா போடாதவங்கள விட்டுட்டு ரூம் போட்டவன திட்றது என்ன நியாயம்.

கரிசல்காடு:
அந்த வீட்டுக்காரங்கள நான் குறை சொல்லல அக்கா. அதுவும் உண்மை தான். கோட்டைக்குள்ள சாப்பிடுங்க, சால்வை வாங்குங்க, கைடு வச்சுக்கோங்க, காசு அவங்களுக்கு போகட்டும். குளியல் மட்டும் கீழ. இதுக்கு மேல இந்த சண்டைய நான் இழுக்கல.

ஆவடி பையன்:
அப்பா ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு "கீழ தங்கு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு 😀 ரூம் கேன்சல். இப்ப சுத்துவட்டாரம் சொல்லுங்கண்ணா.

கரிசல்காடு:
சரி. ஒரு நாள் ஊருக்கு வச்சிருங்க. காலைல கோட்டை, உள்ள இருக்கற ஜைனக் கோயில்கள காலையிலயே பாத்துருங்க, வெளி ஆளுங்கள மதியத்துக்கு மேல விட மாட்டாங்க, பெல்ட்டு பர்ஸ் தோலா இருந்தா ரூம்லயே வச்சுட்டு போங்க. 12ல இருந்து 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டுன கோயிலுங்க, தோரணத்த பாத்தா கல்லா மரமான்னு சந்தேகம் வரும். அப்புறம் கீழ பட்வா ஹவேலி, 1805ல குமன் சந்த் பட்வான்னு ஒரு வியாபாரி ஆரம்பிச்சது, ஒண்ணு இல்ல அஞ்சு வீடு, பிள்ளைக்கு ஒண்ணு. நத்மல் ஹவேலில அம்மாவ வாசல்லயே உக்கார வச்சுட்டு ஒரு விளையாட்டு விளையாடுங்க, முகப்புல வலது பாதி ஒரு தம்பி, இடது பாதி ஒரு அண்ணன் செதுக்குனதுன்னு சொல்வாங்க, தூரத்துல ஒண்ணு போல இருக்கும், கிட்ட போனா ரெண்டும் வேற வேற. சாயங்காலம் கடிசர் ஏரி. அதுதான் ஊருக்கு குடி தண்ணி குடுத்த ஏரி, இந்திரா காந்தி கால்வாய் தண்ணி வர்றதுக்கு முன்னாடி மழைத்தண்ணி தான் எல்லாம்.

ரெண்டாவது நாள் தான் நான் சொல்ல வந்தது. ஒரு டாக்ஸி பேசிட்டு முதல்ல பார்மேர் ரோட்டுல ஆகல். 17 கிலோமீட்டர். எந்த பேக்கேஜ்லயும் இருக்காது, டிரைவரே "அங்க ஒண்ணும் இல்ல சார்"னு சொல்வான். விடாதீங்க. 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க காடு இருந்துச்சு, அதோட அடிமரங்க கல்லாகி வெட்ட வெளில கிடக்கு. நம்ம திருவக்கரை கல்மரம் பாத்திருப்பீங்க, அது 2 கோடி வருஷம், அத விட எத்தனை மடங்கு பழசுன்னு பாத்துக்கோங்க. பக்கத்துலயே ஜெய்சல்மேர் பாறைல கிடைச்ச டைனோசருக்கு தார் பாலைவனத்தோட பேரையே வச்சு தாரோசாரஸ்னு 2023ல அறிவிச்சாங்க, அது 16 கோடியே 70 லட்சம் வருஷம். அப்ப அந்த ஊரே கடல் ஓரம். நான் முதல் தடவ போனப்ப வெயில் 44, நிக்க ஒரு நிழல் இல்ல, கால் கிட்ட ஒரு முழு மரம் படுத்திருக்கு, பட்டை கணு எல்லாம் தெரியுது, எனக்கு சிரிப்பா வந்துச்சு ஏன்னே தெரியல.

வாத்தியார் 57:
அருமை கரிசல். பெரம்பலூர் சாத்தனூர் கல்மரம் 12 கோடி வருஷம்பாங்க, பசங்கள கூட்டிட்டு போயிருக்கேன், அரை மணி நேரத்துல எல்லாரும் கிரிக்கெட் ஆட போயிட்டானுங்க. ஆகல்ல வேலி, கூரை எல்லாம் போட்டிருக்காங்களா?

கரிசல்காடு:
சிலதுக்கு கம்பி கூண்டும் மேல தகரமும் இருக்கு சார். அழகா இருக்காது, ஆனா இல்லன்னா ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டு போயிருப்பான்.

திகில்பிரியன்:
என்னப்பா யாருமே குல்தராவ பத்தி பேசல! பேய் ஊரு! ஒரே ராத்திரில 84 ஊர் ஜனமும் காணாம போச்சு, ஜெய்சல்மேர் திவான் சலீம் சிங் ஒரு பொண்ண கேட்டான்னு சாபம் விட்டுட்டு போயிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அங்க யாரும் குடியேற முடியல. சாயங்காலத்துக்கு மேல உள்ள விட மாட்டாங்க தெரியுமா. நான் போனப்ப என் போன் தானா ஸ்விட்ச் ஆஃப் ஆச்சு, சத்தியமா.

வாத்தியார் 57:
தம்பி, சார்ஜ் போட்டிருந்தீங்களா?

திகில்பிரியன்:
சார் 😭

வாத்தியார் 57:
சும்மா சொன்னேன். ஆனா அந்த ஒரே ராத்திரி கதைய கொஞ்சம் யோசிச்சு பாருங்க. 1890ல கூட குல்தரால 37 பேர் இருந்ததா பதிவு இருக்கு. 1815 வாக்குலயே ஊர்ல பெரும்பாலான கிணறு வத்திப் போச்சு. வரியும் ஏறுச்சு, தண்ணியும் இறங்குச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிளம்பி போயிருக்காங்க. நிலநடுக்கமும் காரணமா இருக்கலாம்னு புவியியல்காரங்க சிலர் எழுதியிருக்காங்க. சலீம் சிங் கொடுமக்காரன் தான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா கிணறு வத்திப் போச்சுன்னு போர்டு வச்சா யார் டிக்கெட் எடுப்பா?

கரிசல்காடு:
சார் சொன்னதுல இருந்தே தொடர்றேன். அந்த ஊர்ல இருந்த பாலிவால் பிராமணங்க பேயால பேர் வாங்குனவங்க இல்ல, பாலைவனத்துல கோதுமை விளைய வச்சவங்க. கடீன்னு ஒண்ணு. சுத்தியும் கல்லு மேடு, மழை பெஞ்சா தண்ணி ஓடி பள்ளத்துக்கு வரும், அந்த பள்ளத்தோட கீழ்ப்பக்கம் நீளமா ஒரு மண் கரை போட்டுருவாங்க. நம்ம ஊர் கண்மாய் மாதிரி தான், ஆனா தண்ணிய தேக்கி மடை தொறந்து பாய்ச்ச மாட்டாங்க, தண்ணி நின்ன இடத்துலயே வத்தவிட்டு, அந்த ஈரத்துலயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பாங்க. வருஷத்துக்கு 20 சென்டிமீட்டர் மழை கூட தேறாத ஊர்ல இத பண்ணிருக்கான் பாருங்க. குல்தரால இருந்து காபா கோட்டைக்கு போற வழில இன்னும் சில கடீன் உழவுல இருக்கு. ஜனவரில போறீங்க, மஞ்சள் பூமி நடுவுல திடீர்னு பச்சையா ஒரு சதுரம் தெரியும், வண்டிய நிறுத்த சொல்லுங்க. காபா கோட்டை மேல நின்னா கீழ கூரை இல்லாத வீடுங்க வரிசை வரிசையா இருக்கும், குல்தராவ விட கூட்டம் கம்மி, எனக்கு அதுதான் புடிக்கும்.

குல்தரால வீடுகள புதுசா கட்டி பெயின்ட் அடிச்ச மாதிரி கொஞ்சம் கெடுத்தும் வச்சிருக்காங்க. அத எதிர்பாத்துட்டு போங்க.

அம்பத்தூர் அக்கா:
லோதுர்வா விட்டுட்டீங்களே. ஜெய்சல்மேருக்கு முன்னாடி அதுதான் தலைநகரம், படையெடுப்புல திரும்ப திரும்ப அடி வாங்கி தான் மலைக்கு மாறுனாங்க. இப்ப ஒரு ஜைனக் கோயில் மட்டும் தான், ஊர்ல இருந்து 16 கிலோமீட்டர், படியும் கம்மி. வாசல்ல ஒரே ஒரு தோரண வளைவு நிக்கும் பாருங்க, அதுக்கே போகலாம். அப்படியே திரும்பி வரும்போது படா பாக், ராஜாக்களோட நினைவு மண்டபங்க. பின்னாடி கரிசல் தம்பியோட காத்தாடிங்க சுத்திகிட்டு நிக்கும் 😄

கரிசல்காடு:
ஆமாக்கா, எல்லாரும் போட்டோல அத கட் பண்ணிட்டு தான் எடுப்பாங்க. நான் மட்டும் காத்தாடிய எண்ணிகிட்டு நிப்பேன்.

ஆவடி பையன்:
சம் டென்ட்டா, இல்ல குரி கிராமத்து மணல்மேடா? அம்மா ஒட்டகத்துல ஏறுவேன்னு அடம். முட்டியோட எப்படி ஏறுவாங்க.

ரயில்பூச்சி:
சம்ல ஒட்டக வண்டி இருக்கு ப்ரோ, பின்னாடி மெத்தை போட்ட கட்டை வண்டி, அதுல உக்கார வைங்க. ஒட்டகம் எந்திரிக்கும்போது முதல்ல பின்னங்கால தூக்கும், ஆள் முன்னாடி கவுந்துருவாங்க, பெரியவங்களுக்கு வேணாம். அப்புறம் ரயில்லயே ஒருத்தர் வந்து ரொம்ப அன்பா பேசி கேம்ப் புக் பண்ணி தர்றேன்பாரு. நான் ஏமாந்தேன். காட்டுன போட்டோல மணல்மேடு, போய் பாத்தா ரோட்டோரம், டென்ட் பின்னாடி ஜெனரேட்டர், ராத்திரி 11 வரைக்கும் டிஜே, அதுவும் நம்ம ஊர் குத்துப்பாட்டு. குத்துப்பாட்டு கேக்க 2000 கிலோமீட்டர் போகணுமா?

கரிசல்காடு:
சம் 40 கிலோமீட்டர், மேடு பெருசு, கூட்டமும் பெருசு. குரி தென்மேற்கு பக்கம், மேடு சின்னது, கிராமத்து வீடுங்கள்ல தங்கலாம், வட்டமா மண் குடிசை. நாலு பேர் குடும்பம்னா குரி. ராத்திரி குளிர் 7 டிகிரிக்கு போகும், அப்பாவுக்கு குரங்குக் குல்லா கண்டிப்பா.

ஒரு விஷயம், மனசுல ரொம்ப நாளா இருக்கறது. சம், குரி ரெண்டுமே பாலைவன தேசியப் பூங்காவ ஒட்டுன இடம், 3162 சதுர கிலோமீட்டர். அங்க தான் கானமயில் இருக்கு. சின்ன வயசுல இருந்து பேர் கேட்டிருக்கோம், நம்ம சூலூர் பக்கமும் ஒரு காலத்துல இருந்த பறவை, இப்ப தமிழ்நாட்டுல ஒண்ணு கூட இல்ல. நாடு முழுக்கவே 150க்கு கீழ, அதுல முக்கால்வாசி இங்க. அதுக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல, நேரா முன்னாடி இருக்கறது சரியா தெரியாது, ஒடம்பும் கனம், சட்டுனு திரும்ப முடியாது, கரன்ட் கம்பில அடிபட்டு சாகுது. 2021ல சுப்ரீம் கோர்ட் கம்பிய பூமிக்கு அடியில போட சொல்லுச்சு, அப்புறம் அத தளர்த்துனாங்க, வழக்கு இழுத்துகிட்டே போச்சு. நான் வேலை பாத்ததும் அந்த கம்பில கரன்ட் அனுப்புற இடத்துல தான். மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவ தூரத்துல பாத்தேன், புல்லு நடுவுல நடந்து போச்சு, வெள்ளைக் கழுத்து, ஒரு மீட்டர் உயரம் இருக்கும், யாரோ வேட்டி கட்டிட்டு நடந்து போற மாதிரி. கூட இருந்த லோக்கல் பையன் "கோடாவன்"னு மெதுவா சொன்னான், அங்க அதுக்கு அதான் பேரு. உங்களுக்கு கண்ணுல படும்னு சொல்ல மாட்டேன். ஜீப்ல மணல்மேட்டுல ஏறி இறங்கறத மட்டும் தவிருங்க.

சைக்கிள் சங்கர்:
பாகிஸ்தான் எல்லைகிட்ட இருக்கற தனோட் கோயிலுக்கு போகாம வராதீங்க. 120 கிலோமீட்டர், ரோடு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. 1965 போர்ல விழுந்த குண்டுங்க கோயில் பக்கத்துல வெடிக்கவே இல்லங்கறாங்க, அந்த குண்டுகள கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, பூஜை பண்றதே பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை) ஜவானுங்க தான். திரும்பும்போது லோங்கேவாலா போர்க்களம். 1971 டிசம்பர் 4 ராத்திரி நம்ம ஆளுங்க 120 பேர் சொச்சம், எதிர்ல பாகிஸ்தான் டாங்கி படை, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி விடியற வரைக்கும் தாக்குப் புடிச்சாரு, விடிஞ்சதும் ஜெய்சல்மேர்ல இருந்து ஹன்டர் விமானங்க வந்து டாங்கிங்கள சுட்டுச்சு. மணல்ல டயர் மாட்டுன மாதிரி டாங்கிங்க மாட்டிகிச்சு. அப்பாவுக்கு புடிக்கும். வழில ராம்கர் விட்டா சாப்பாடு பெருசா இல்ல, தண்ணி பிஸ்கட் எடுத்துக்கோங்க, வண்டிக்கு பெட்ரோலும் ரொப்பிக்கோங்க.

ஆவடி பையன்:
போயிட்டு வந்துட்டோம்! 4 நாள் பத்தல. கரிசல் அண்ணனுக்கு முதல்ல நன்றி.

ஜோத்பூர்ல இருந்து காரே எடுத்துட்டோம், வழில பலோடி பக்கத்துல கீச்சன் கிராமத்துல நிறுத்துனோம், டிரைவர் சொன்ன ஐடியா. ஆயிரக்கணக்குல சாம்பக்கலர் கொக்கு, மங்கோலியா பக்கம் இருந்து குளிருக்கு வருதாம், ஊர்க்காரங்க தானியம் போடுறாங்க. சத்தம் இருக்கே, கல்யாண மண்டபத்துல பந்தி போட்ட மாதிரி. வைஃப் போன்ல மெமரி அங்கயே காலி.

ஆகல்ல டிரைவர் சொன்ன அதே டயலாக் வந்துச்சு, "குச் நஹி ஹை சார்". போனோம். எங்க நாலு பேர் தவிர ஒரு காவலாளி. அப்பா ஒரு மரத்துகிட்ட குனிஞ்சு நின்னவரு பத்து நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் "இத யாரும் கட்டலல்ல"ன்னாரு. அவரு கேள்வி கேக்காம நின்ன ஒரே இடம் அதான்.

குல்தரால எங்க போன் ஆஃப் ஆகல, திகில் ப்ரோ மன்னிக்கணும். பச்சை சதுரம் பாத்தோம்! காபா போற வழில தான், ஒருத்தர் கடலைச் செடி பறிச்சு கைல குடுத்தாரு, பச்சையா தின்னோம், காசு வாங்கல.

குரில தங்குனோம். பொங்கல் அன்னைக்கு அம்மா கொஞ்சம் வாட்டமா இருந்தாங்க, வீட்ல பொங்க வைக்கலன்னு. அந்த வீட்டு அம்மா கம்பு ரொட்டியும் கடியும் கொண்டு வந்து வச்சாங்க, அம்மா வாய்ல வச்சுட்டு "இது மோர்க்குழம்புடா, கடல மாவு தூக்கலா இருக்கு"ன்னாங்க. அப்புறம் கேர் சங்கரி. நூல் நூலா ஏதோ காய், புளிப்பா சின்ன காய் ஒண்ணு கூட. சங்கரி எந்த மரம்னு கேட்டதுக்கு வாசல்ல நின்ன மரத்த காட்டுனாங்க, கேஜ்ரி. அம்மா எழுந்து போய் இலைய தடவிப் பாத்துட்டு செருப்ப கழட்டிட்டாங்க. "டேய் இது வன்னி மரம்டா. நம்ம கோயில்ல சுத்துறோமே, அந்த வன்னி". அவங்களுக்கு தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மார்வாடி தெரியாது, ரெண்டு பேரும் அந்த மரத்த சுத்தி வந்து என்னமோ பேசிட்டே இருந்தாங்க. அவங்களும் தசராக்கு அத கும்பிடுவாங்களாம், வீட்டுப் பையன் தான் ஹிந்தில சொன்னான். முட்டி வலின்னு ஆகல்ல பாதில உக்காந்தவங்க இங்க மூணு சுத்து சுத்துனாங்க.

தனோட் போக முடியல, கடைசி நாள் அப்பாவுக்கு ஜலதோஷம். குல்லா போட மாட்டேன்னு அடம் புடிச்சதுக்கு.

கரிசல்காடு:
மூணு வருஷம் அந்த மரத்தடில தான் வண்டிய நிறுத்துனேன். வன்னின்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

அம்பத்தூர் அக்கா:
தம்பி சங்கரி காஞ்சது வாங்கிட்டு வந்தீங்களா? நான் வாங்கிட்டு வந்து வத்தக்குழம்புல போட்டு ரப்பர் மாதிரி ஆயிடுச்சு, மூணு பேர் பல்லு போச்சு.

ஆவடி பையன்:
அரை கிலோ வாங்கிருக்கோம் அக்கா. ராத்திரியே மோர் கலந்த தண்ணில ஊறப்போடணுமாம், காலைல அந்த தண்ணிய கொட்டிட்டு வேக வைக்கணும், அந்த அம்மா கைய ஆட்டி ஆட்டி சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கு ஊறுது, நாளைக்கு சொல்றேன்.